அண்ணனுக்குத் தோல் உரிந்தது... அதே மாத்திரையை நான் சாப்பிடலாமா?

கேள்வி: எனக்கு 38 வயது. பென்னாகரம் பக்கம் கிராமம். இரண்டு வருடத்துக்கு முன் என் அண்ணனுக்கு வலிப்புக்காக கார்பமசெபைன் மாத்திரை கொடுத்தார்கள். மூன்றாவது வாரம் காய்ச்சல், கண் சிவப்பு, உடம்பெல்லாம் தடிப்பு. அம்மை என்று நினைத்து வேப்பிலையில் படுக்க வைத்தோம்; மாத்திரையையும் நிறுத்தவில்லை. தோல் உரிய ஆரம்பித்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். இப்போது எனக்கு முகத்தில் ஒரு பக்கம் சுரீர் சுரீரென்று வலி. கடையில் சீட்டைக் கொடுத்தால் அதே மருந்தைத் தருகிறார்கள். சாப்பிடலாமா?

பதில்: வேண்டாம் அம்மா, ஒரு மாத்திரைகூடப் போடாதீர்கள். மாத்திரை அட்டையோடு, எழுதிக் கொடுத்த டாக்டரிடமே போய் அண்ணனுக்கு நடந்ததைச் சொல்லுங்கள். முகநரம்பு வலிக்கு வழக்கமாக முதலில் எழுதுவது இந்த மருந்தைத்தான். அண்ணன் விஷயம் தெரிந்தால் அவரே மாற்றித் தருவார்.

அண்ணனுக்கு வந்தது ஸ்டீவன்ஸ் ஜான்சன் சிண்ட்ரோம் என்றே தோன்றுகிறது. மருந்தால் வரும் தோல் பாதிப்புகளில் மிகக் கொடியது. உடம்பில் 30 சதவீதத்துக்கு மேல் தோல் உரிந்துவிட்டால் ஏறக்குறைய மூன்றில் ஒருவரைக் காப்பாற்ற முடிவதில்லை. எச்எல்ஏ-பி 1502 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு கார்பமசெபைனால் இது வரும் ஆபத்து பல மடங்கு அதிகம். அண்ணனுக்கு அது இருந்தால், உடன்பிறந்த உங்களுக்கும் இருக்கலாம். ரத்தத்தில் பார்த்து 'இல்லை' என்று வந்தாலும், உங்கள் வீட்டில் இப்படி நடந்த பிறகு நான் இந்த மருந்தை உங்களுக்கு எழுத மாட்டேன்.

அம்மை என்று நினைத்ததற்காக யாரையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வித்தியாசம் உண்டு. சின்னம்மைக் கொப்புளம் அரிக்கும். இதில் தோல் வலிக்கும், தொட்டாலே எரியும். தடிப்பு வருவதற்கு ஓரிரு நாள் முன்பே காய்ச்சல், தொண்டை வலி, கண் எரிச்சல் தொடங்கிவிடும். பிறகு உதடு வெடித்து ரத்தப் பொருக்கு கட்டும், சோறு இறங்காது, சிறுநீர் கழித்தால் எரியும். புது மாத்திரை தொடங்கி முதல் இரண்டு மாதத்துக்குள், பெரும்பாலும் 4 முதல் 28 நாளுக்குள், இப்படி வந்தால் அந்த மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக வேண்டும், 108-ஐக் கூப்பிடுங்கள். வலிப்பு மாத்திரையை நிறுத்திவிட்டு வீட்டில் இருந்தால் வலிப்பு திரும்ப வரலாம், அதனால் தாமதமே கூடாது. யூரிக் அமிலத்துக்குத் தரும் அலோபியூரினால், சல்ஃபா மாத்திரைகள், பைராக்ஸிகாம் போன்ற வலி மாத்திரைகளுக்கும் இதே எச்சரிக்கைதான்.

அண்ணனைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். அவருக்கு ஃபெனிடாயின், ஃபீனோபார்பிடோன், ஆக்ஸ்கார்பசெபைன் இவையும் ஆகாது. வழியில் வலிப்பு வந்து விழுந்தால் அவசரப் பிரிவில் ஃபெனிடாயின் ஊசி போடுவது சகஜம். மயங்கிக் கிடப்பவர் எப்படித் தடுப்பார்? கார்பமசெபைனையும் சேர்த்து இந்த நான்கு பெயரையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, ஆதார் அட்டையோடு எப்போதும் சட்டைப்பையில் வைத்திருக்கச் சொல்லுங்கள். இப்போதும் கண் உறுத்தல், வெயிலில் கூச்சம் இருந்தால் கண் டாக்டரிடம் காட்டுங்கள். தோல் ஆறினாலும் கண்ணில் பாதிப்பு தங்கிவிடுவதுண்டு, விட்டுவிட்டால் பார்வையே போகலாம்.

உங்கள் முகவலிக்கு காபாபென்டின், பேக்லோஃபென் போன்ற வேறு மருந்துகள் இருக்கின்றன. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க வேண்டாம், நாளைக்கே டாக்டரைப் பாருங்கள்.