தோள் வலித்தால் ஈயத்தைக் குறையுங்கள், வெடிமருந்தை அல்ல

கேள்வி: டெக்சஸில் இருக்கிறேன். ஞாயிறுதோறும் டிராப் (எறியப்படும் களிமண் தட்டுகளைச் சுடும் விளையாட்டு) சுடப் போகிறேன். குழல் அளவு 12 போர், எட்டு பவுண்டு துப்பாக்கி. கடையில் வாங்கும் தோட்டாவில் ஈய ரவை 1⅛ அவுன்ஸ். நூறு தட்டு முடிவதற்குள் தோள் கன்றிப்போகிறது. கடைசி இருபத்தைந்தில் விசையை இழுக்கும்போதே கண் தானாக மூடிக்கொள்கிறது. தோட்டாவை நானே நிரப்பலாம் என்று அதற்கான பிரஸ் இயந்திரம் வாங்கிவிட்டேன். அதே 1⅛ அவுன்ஸுக்கு வெடிமருந்தை மட்டும் கொஞ்சம் குறைத்துப் போட்டால் உதை அடங்குமா?

பதில்: அடங்கும். ஆனால் அந்த வழியில் போகாதீர்கள். செய்முறையில் எழுதியிருக்கும் அளவுக்குக் கீழே மருந்தைக் குறைத்தால் தோட்டாக் கூட்டுக்குள் அழுத்தம் விழுந்து, மருந்து முழுதாக எரியாது. குளிரான காலையில் ‘டப்’ என்பதற்குப் பதில் ‘பொத்’ என்று ஒரு சத்தம் வரும். வாட் (மருந்துக்கும் ரவைக்கும் நடுவே இருக்கும் அடைப்பு) குழலுக்குள்ளேயே நின்றுவிடும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கும்.

உதையைத் தீர்மானிப்பவை முக்கியமாக மூன்று: வெளியே போகும் எடை, அதன் வேகம், துப்பாக்கியின் எடை. எடையையும் வேகத்தையும் பெருக்கி வருவதன் வர்க்கத்தைத் துப்பாக்கியின் எடை வகுக்கிறது. வர்க்கம் என்பதால் ஈயத்தில் சிறிது குறைத்தாலே பலன் நன்றாகத் தெரியும். வாட், மருந்து எல்லாம் சேர்த்து உங்கள் துப்பாக்கிக்குப் போட்டுப் பார்த்தேன். 1⅛ அவுன்ஸ், நொடிக்கு 1,200 அடி என்றால் உதையின் ஆற்றல் சுமார் 24 ஜூல். 1 அவுன்ஸ், 1,150 அடிக்கு 18. ⅞ அவுன்ஸ், அதே 1,150 அடிக்கு 14. ஐந்தில் இரண்டு பங்கு உதை போய்விட்டது.

“ரவை குறைந்தால் தட்டு உடையுமா?” என்பதுதான் அடுத்த சந்தேகமாக இருக்கும். 7½ நம்பர் ரவை அவுன்ஸுக்குச் சுமார் 350. 8 நம்பர் சுமார் 410. அப்படியானால் ⅞ அவுன்ஸ் 8 நம்பரில் 359 ரவை, அதாவது ஒரு அவுன்ஸ் 7½-ஐவிட ஒரு கைப்பிடி அதிகம். தட்டு எறியும் இடத்துக்கு 16 கஜம் பின்னால் நின்று சுட இது தாராளம். ஒலிம்பிக் டிராப்பிலும் 24 கிராம்தான், கிட்டத்தட்ட ⅞ அவுன்ஸ். நம் புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் 2024-இல் பாரிசில் சுட்டதும் அந்த எடையில்தான். 27 கஜத்துக்குப் பின்வாங்கிச் சுடும்போது மட்டும் ஒரு அவுன்ஸுக்குப் போவது என் விருப்பம்.

மெதுவாக எரியும் மருந்து தோளுக்கு இதம் என்று கிளப்பில் நாலு பேராவது சொல்வார்கள். எடையும் வேகமும் ஒன்றாக இருக்கையில் தோளுக்கு வரும் வித்தியாசம் அற்பம். அதிலும் மெதுவான மருந்து கூடுதலாகப் போட வேண்டியிருப்பதால் உதை ஒரு நூல் ஏறவே செய்யும்.

இனி பிரஸ். ஹாட்ஜ்டன், அலையன்ட் போன்ற மருந்துக் கம்பெனிகள் தங்கள் செய்முறைகளை இலவசமாகவே வெளியிடுகின்றன. கூடு, பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி), மருந்து, வாட், ரவை எடை ஆகிய ஐந்தும் ஒரே குடும்பம். சாம்பாரில் பருப்பு மாற்றுவதுபோல இதில் ஒன்றை மாற்றக் கூடாது. பிரைமரை மட்டும் வீரியம் கூடியதாக மாற்றினாலே அழுத்தம் எகிறும். 12 போர் 2¾ அங்குலத் தோட்டாவுக்கு அழுத்தத்தின் உச்சவரம்பு 11,500 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). ⅞ அவுன்ஸ் செய்முறைகளில் 5,000, 6,000 என்று இருப்பவை வெயிலில் ஒழுங்காக ஓடும், குளிரில் முரண்டு பிடிக்கும். குளிர்காலத்துக்கு நான் 8,000-ஐ ஒட்டியதைத் தேர்ந்தெடுப்பேன்.

பிரஸ்ஸில் மருந்தை அளந்து இறக்கும் துளை வளையமான புஷ்ஷிங்கின் அட்டவணையை அப்படியே நம்பாதீர்கள். ஆரம்பத்தில் நான் கைப்பிடியை அழுத்தாமல் புஷ்ஷிங் இருக்கும் பட்டையை மட்டும் தள்ளி எடை பார்த்தேன்; குறைவாகக் காட்டியது. பெரிய புஷ்ஷிங் போட்டேன். நிஜமாக நிரப்பும்போது பிரஸ்ஸின் அதிர்வில் மருந்து இறுகி, அளவுக்கு மேல் விழுந்திருந்தது. இருபது தோட்டாவைப் பிரித்துக் கொட்டினேன். ஆகவே முழுச் சுற்றாக இயக்கி, பத்து முறை விழுவதைத் தனித்தனியே தராசில் போடுங்கள்.

ரவை குறைந்ததும் கூட்டில் இடம் காலியாகும். பழைய வாட்டையே போட்டால் தோட்டாவின் வாய்மடிப்பு கிணறுபோல உள்ளே அமுங்கி, நடு ஓட்டையில் ரவை ஒவ்வொன்றாகச் சிந்தும். ⅞ அவுன்ஸுக்கென்றே அடிப்பகுதியை நீளமாகச் செய்த வாட் உண்டு. அது இருக்கும் செய்முறையையே எடுங்கள்.

செமி ஆட்டோ துப்பாக்கியானால் இந்த இலேசான தோட்டா சிலவற்றில் கூட்டை வெளியே தள்ளாது; இரட்டைக்குழலில் அந்தக் கவலை இல்லை. (தமிழ்நாட்டில் இருந்து படிப்பவர்களுக்கு: ஆயுதச் சட்டம் 1959-இன்படி உரிமமின்றித் தோட்டா செய்வது குற்றம்.)

முதலில் 25 மட்டும் நிரப்பி, குளிரான ஒரு காலையில் சுட்டுப் பாருங்கள். சிக்கிய வாட்டைத் தள்ளப் பையில் ஒரு மரக்கோல் இருக்கட்டும். சத்தம் மாறினால், தட்டு உடைந்திருந்தாலும் சரி, துப்பாக்கியைக் காலி செய்து குழல் வழியாக வானத்தைப் பாருங்கள். வெளிச்சம் வந்தால் மட்டுமே அடுத்த தோட்டா.