செஸ்னாவில் ஏறும் முன்: மாணவர் கேள்விகளும் பழைய இன்ஸ்ட்ரக்டரின் பதில்களும்

பயிற்சி விமானம் என்றாலே பல ஊர்களில் செஸ்னா 172 தான். 1950-களின் நடுவிலிருந்து இன்றுவரை 44,000-க்கும் மேல் தயாரித்திருக்கிறார்கள். நான் சொல்லிக்கொடுத்ததும் அதில்தான். கீழே வரும் எண்களெல்லாம் 172 எஸ் ரகத்துக்கு உரியவை. உங்கள் விமானத்தின் கையேட்டில் வேறு எண் இருந்தால் கையேடு சொல்வதே சரி.

கேள்வி: அடுத்த வாரம் முதல் வகுப்பு. ஏறுவதில் என்ன இருக்கிறது சார், கார் மாதிரிதானே?

காரில் ஏற முன்பக்கமாகச் சுற்றி வருவீர்கள். இங்கே முன்னால் புரொப்பெல்லர் இருக்கிறது, பின்பக்கமாகவே வாருங்கள். இறக்கை தலை உயரத்தில் இருப்பதால் அதன் பின்விளிம்பு நெற்றியைப் பதம் பார்க்கும். என் நெற்றியில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

உள்ளே உட்கார்ந்ததும் இருக்கையைப் பாருங்கள். அது தண்டவாளம் மாதிரி ஒரு கம்பியின் மேல் முன்னும் பின்னும் நகரும். பூட்டும் ஊசி துளையில் சரியாக விழாவிட்டால், விமானம் மூக்கைத் தூக்கும் நேரத்தில் இருக்கை சர்ரென்று பின்னால் போகும். கையில் யோக் (விமானத்தின் ஸ்டீயரிங்) இருக்கிறது. நீங்கள் போகும்போது அதுவும் கூடவே வரும், மூக்கு இன்னும் மேலே ஏறும். இதில் உயிர்கள் போயிருக்கின்றன. இந்த இருக்கைக் கம்பிகளைச் சோதிக்கச் சொல்லி அமெரிக்காவின் விமானப் போக்குவரத்துத் துறையான எஃப்.ஏ.ஏ. 1987-இலும் 2011-இலும் உத்தரவே போட்டது. அதனால் இருக்கையைப் பூட்டியபின் உடம்பை முன்னும் பின்னும் இரண்டு தடவை உலுக்கிப் பாருங்கள். பெல்ட் அதற்கு அப்புறம்.

கேள்வி: என்ஜின் ஓடாதபோதும் புரொப்பெல்லரைத் தொடாதே என்கிறார்கள். சாவியே வெளியில்தானே இருக்கிறது?

என்ஜினுக்குத் தீப்பொறி தருவது பேட்டரி இல்லை தம்பி, மேக்னெட்டோ. என்ஜின் சுழன்றால் அது தானாகவே மின்சாரம் உண்டாக்கும். சாவியை 'ஆஃப்' செய்யும்போது ஒரு கம்பி வழியாக அது எர்த் ஆகிறது, அவ்வளவுதான். அந்தக் கம்பி அறுந்திருந்தால் சாவி உங்கள் சட்டைப்பையில் இருக்கும்போதே, கையால் அரைச்சுற்று சுற்றினாலும் என்ஜின் வெடித்துக் கிளம்பலாம்.

கேள்வி: ரன்-அப்பில் (கிளம்பும் முன் செய்யும் என்ஜின் சோதனையில்) ஒவ்வொரு மேக்னெட்டோவாக அணைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற கணக்கு) குறையவே இல்லை. நல்ல என்ஜின் என்று அர்த்தமா?

இல்லை. மேலே சொன்ன அறுந்த கம்பியாக இருக்கலாம். ஒரு சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக், என்ஜினுக்கு இரண்டு மேக்னெட்டோ. 1800 ஆர்.பி.எம்.-இல் ஒன்றை நிறுத்தினால் கொஞ்சம் குறைந்தே ஆக வேண்டும். 150 வரை குறையலாம். இரண்டுக்கும் இடையே வித்தியாசம் 50-க்குள் இருக்க வேண்டும். குறையவே இல்லை என்றால் நீங்கள் அணைத்தது அணையவில்லை. திரும்பி வந்து மெக்கானிக்கிடம் சொல்லுங்கள், யாரையும் புரொப்பெல்லர் பக்கம் விடாதீர்கள்.

கேள்வி: செக்லிஸ்ட் முழுக்க மனப்பாடம். ஆனாலும் வாசிக்கச் சொல்லி இன்ஸ்ட்ரக்டர் திட்டுகிறார்.

திட்டட்டும். 1935 அக்டோபர் 30, அமெரிக்காவில் டேட்டன் நகரத்து ரைட் ஃபீல்ட். பின்னாளில் பி-17 ஆன போயிங் 299-ஐ ஓட்டியவர் ராணுவத்தின் தலைசிறந்த சோதனை விமானி. காற்றில் ஆடாமலிருக்க வால் பகுதிக்குப் போட்ட பூட்டை எடுக்க மறந்து கிளம்பினார்கள். செங்குத்தாக ஏறி, நின்று, விழுந்தது. இருவர் இறந்தார்கள். விமானிகள் கையில் செக்லிஸ்ட் வழக்கமானது அதற்குப் பிறகுதான். அவர்களுக்குத் தெரியாததா?

172-இல் அந்தப் பூட்டு, யோக்கின் தண்டில் செருகும் ஒரு கம்பி. அதில் எச்சரிக்கைத் தகடு இருக்கும். அதைத் தொலைத்துவிட்டு ஆணியைச் செருகி வைக்கும் ஆட்களும் உண்டு. ஆணி கண்ணில் படாது. அதனால் கிளம்பும் முன் யோக்கை முழுக்கத் திருப்பிப் பார்க்க வேண்டும். கட்டைவிரலை நேராக மேலே நீட்டி யோக்கை இடப்பக்கம் திருப்பினால் விரல் இடது இறக்கையைக் காட்டும். அந்தப் பக்க அய்லெரான் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகை) மேலே எழுந்திருக்க வேண்டும். தடையின்றி அசைந்தால் மட்டும் போதாது, சரியான பக்கம் அசைய வேண்டும்.

கேள்வி: பெட்ரோல் கேஜ் பாதி காட்டுகிறது. மேலே ஏறிக் குச்சி விட்டும் பார்க்கணுமா?

பார்க்கணும். மாஸ்டர் சுவிட்சைப் போட்டு கேஜைப் பாருங்கள், ஃப்ளாப்பை (இறக்கையின் பின்னால் கீழே இறங்கும் மடிப்பை) இறக்குங்கள், சுவிட்சை மறக்காமல் அணையுங்கள் (பேட்டரி காலியாகி நின்ற காலை வகுப்புகளுக்குக் கணக்கில்லை). அப்புறம் ஏணி, குச்சி.

அடுத்து, அடியில் பெட்ரோலை வடித்துப் பார்ப்பது. ஒவ்வோர் இறக்கைக்கும் 5, மூக்கடியில் 3, ஆக 13 இடம். தண்ணீர் கனமானது, அடியில் தங்கும். கோப்பையில் கோடு பிரிந்து தெரியும். கோப்பை முழுக்கத் தண்ணீராகவே இருந்தால் கோடே தெரியாது! அதனால் நிறத்தைப் பாருங்கள். இந்த விமானத்துக்கான 100 எல்.எல். என்ற பெட்ரோல் நீலம். நீலம் இல்லையென்றால் தண்ணீரோ ஜெட் எரிபொருளோ, எதுவானாலும் அன்று பறக்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் கிளப்பில் இருப்பது பைப்பர் விமானம். இதே முறைதானா?

சோதனை ஏறக்குறைய இதேதான். பைப்பர் செரோக்கியில் இறக்கை கீழே, கதவு வலப்பக்கம் ஒன்றே ஒன்று. இடது இருக்கைக்காரர் முதலில் ஏறித் தாண்டி உட்கார வேண்டும். இறக்கையில் கறுப்புப் பட்டையின் மேல் மட்டும் நடங்கள்.

கேள்வி: நீங்கள் எதையாவது மறந்ததுண்டா?

வேகமானிக்குக் காற்றைக் கொண்டுபோகும் பிடோட் குழாயின் உறை. என் மாணவர் சுற்றி வந்தார், நான் கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தேன். ஓடுபாதையில் வேகமெடுத்தோம், வேகமானி பூஜ்யத்திலேயே நின்றது. த்ராட்டிலை இழுத்து நிறுத்தினோம். பாதை நீளமாக இருந்ததால் பிழைத்தது மானம் மட்டும் இல்லை.

கேள்வி: ஸ்டால் (இறக்கை தூக்கும் பலத்தை இழப்பது) எச்சரிக்கைச் சத்தத்தைத் தரையிலேயே சோதிக்க முடியுமா?

முடியும். இடது இறக்கையின் முன்விளிம்பில் சின்னத் துளை இருக்கும். கைக்குட்டையை அதன்மேல் வைத்து வாயால் உறிஞ்சுங்கள், பீப்பி மாதிரி ஊதும். கைக்குட்டை பூச்சி வாய்க்குள் போகாமலிருக்க.