ஹெட்போன் யார் காதில் இருந்தது?

கேள்வி: அக்கா, நான் தஞ்சாவூரில் விஸ்காம் மூன்றாம் வருடம் படிக்கிறேன். நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து கடைமடை (ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் பகுதி) விவசாயத்தைப் பற்றி 12 நிமிட ஆவணப்படம் எடுத்தோம். செப்டம்பரில் தலைஞாயிறு பக்கம் ஐந்து நாள் ஷூட்டிங். நான் சவுண்ட். டைரக்‌ஷன் செய்த பையன் யார் சொல்வதையும் கேட்கிற ஆள் இல்லை. கேமராவுக்கு இருந்தவன் இரண்டு நாள் வந்துவிட்டு, வீட்டில் அறுவடை என்று போய்விட்டான். எடிட்டிங்கை நானும் இன்னொரு பெண்ணும் மூன்று ராத்திரி கண்விழித்து முடித்தோம். டிபார்ட்மென்ட்டில் போட்டுக் காட்டியபோது சார், "சுமார்தான். அந்தப் பாட்டி பேசுறதே புரியலையே" என்று சொல்லிவிட்டார். ஆயில் இன்ஜின் பக்கத்தில் நின்று அவசர அவசரமாக எடுக்கச் சொன்னது டைரக்டர். அதனால் அந்த இடத்தை வாய்ஸ் ஓவர் போட்டு மூடினோம். இப்போது ஆளுக்கு நாலு பக்கம் அனுபவ அறிக்கை எழுதித் தரவேண்டும். இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது. உண்மையை எழுதினால் நட்பும் போகும், அவர்கள் மார்க்கும் போகும். "அனைவரும் ஒற்றுமையாக உழைத்தோம்" என்று எழுத மனசு வரவில்லை. படத்தையும் அனுப்பியிருக்கிறேன். என்ன செய்யட்டும்?
— பெயர் வேண்டாம், தஞ்சாவூர்

பதில்:

தங்கச்சி, படத்தை இரண்டு தடவை பார்த்தேன். முதல் தடவை சாதாரணமாக. இரண்டாவது தடவை காதில் இயர்போன் மாட்டி, சத்தத்தைக் கூட்டி வைத்து, ஏழாவது நிமிடத்தை மட்டும்.

அந்தப் பாட்டி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வாய்க்கால் கரையில் உட்கார்ந்திருக்கிறார். பின்னால் ஆயில் இன்ஜின் தடதடவென்று ஓடுகிறது. வாய்ஸ் ஓவர் தொடங்குவதற்கு முன்னால் நாலைந்து வினாடி அவர் குரல் மட்டும் இருக்கிறது. கஷ்டப்பட்டுக் கேட்டால் பிடிபடுகிறது: "தண்ணி எட்டிப் பாத்துட்டுப் போவுது பாப்பா, வூட்டுக்குள்ள வரமாட்டேங்குது." அதற்கு மேல் உங்கள் குரல் வந்து ஏறிவிடுகிறது: "கடைமடைப் பகுதிகளில் நீர்வரத்து போதுமானதாக இல்லை."

பாட்டி சொன்னதையும் நீங்கள் சொன்னதையும் அடுத்தடுத்து வைத்துப் பார். அர்த்தம் ஒன்றுதான். ஆனால் அவருடையது, வாசல் வரை வந்து உள்ளே நுழையாமல் திரும்பிப் போகும் விருந்தாளியைப் பற்றிய வருத்தம். உங்களுடையது கலெக்டர் ஆபீஸ் குறிப்பு. உங்கள் சார் "புரியலையே" என்றது சத்தத்தைப் பற்றி மட்டும்தானா என்று எனக்குச் சந்தேகம்.

இன்னொன்றும் கவனித்தேன். பாட்டி கேமராவைப் பார்க்கவில்லை, கேள்வி கேட்ட டைரக்டரையும் பார்க்கவில்லை. கொஞ்சம் தள்ளி, இடது பக்கம் பார்த்து "பாப்பா" என்கிறார். அங்கே நின்றது யார்? நீதான் என்று நினைக்கிறேன். சேலையில் மைக்கைக் குத்திவிட்டு, வயரை மடியில் சுருட்டி வைத்து, "இப்படியே பேசுங்க பாட்டி" என்று சொல்லிவிட்டு நகர்ந்தவளிடம்தான் அவர் பேசியிருக்கிறார்.

உன் கடிதத்தில் டைரக்டர் அவசரப்படுத்தினான் என்று இருக்கிறது. சரி, அவசரப்படுத்தியிருப்பான். ஆனால் ஹெட்போன் அவன் காதில் இல்லையே. இன்ஜின் சத்தம் அவர் குரலை விழுங்குகிறது என்பது அந்த நிமிடத்தில் அங்கிருந்த ஐந்து பேரில் ஒருத்திக்குத்தான் தெரியும். நீ அப்போது ஏதாவது சொன்னாயா? சொல்லியும் அவன் கேட்கவில்லை என்றால், அது வேறு அறிக்கை. நீ சொன்னதாகக் கடிதத்தில் எங்கும் எழுதவில்லை. சொல்லியிருந்தால் அதைத்தான் முதல் வரியில் எழுதியிருப்பாய்.

கோபப்படாதே. இதைச் சொல்ல எனக்கு ஒரு தகுதி இருக்கிறது.

2003-ல் நாங்கள் நாலு பேர் நாச்சியார்கோயில் குத்துவிளக்கைப் பற்றிப் படம் எடுத்தோம். அப்போது மினி டி.வி. (Mini DV) வீடியோ டேப். ஒரு டேப்பில் 60 நிமிடம். டேப்புக்கு லேபிள் ஒட்டுவதும், எடுத்து முடித்த டேப்பின் ஓரத்தில் இருக்கிற சின்னப் பூட்டை நகர்த்தி வைப்பதும் என் வேலை. நகர்த்திவிட்டால் அந்த டேப்பின் மேல் திரும்பப் பதிவு செய்ய முடியாது. முதல் நாள் காலையில் ஒரு பட்டறையில் பித்தளையை உருக்கி அச்சில் ஊற்றுவதை எடுத்தோம். மண் அச்சைப் பிரித்ததும் உள்ளே விளக்கின் அடிப்பாகம் கரிபிடித்த மாதிரி கறுப்பாக இருந்தது. இதுவா கடைசியில் அப்படி மின்னப்போகிறது என்று நாங்கள் ஆளாளுக்குக் குனிந்து பார்த்தோம். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து, அதே டேப்பைப் போட்டு, கடைசல் பிடிப்பதை (விளக்கைச் சுழலவிட்டுச் சீவி மெருகேற்றுவதை) எடுத்தோம். நான் பூட்டை நகர்த்தவில்லை. காலையில் எடுத்தது அத்தனையும் போயிற்று.

அறிக்கையில் நான் என்ன எழுதினேன் தெரியுமா? "தொழில்நுட்பக் கோளாறு காரணமாகச் சில காட்சிகள் கிடைக்கவில்லை." கேமரா பிடித்த தோழி தன் கைதான் தவறிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். நான் மறுக்கவில்லை. பல வருடம் கழித்து, அவள் மகளின் காதுகுத்து விருந்தில், இலைக்கு முன்னால் உட்கார்ந்து அவளிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. "அப்பவே சொல்லியிருக்கலாம்ல" என்றாள். அதற்குள் சாம்பார் வாளி வந்துவிட்டது.

நம் மொழியில் இதற்கு வசதி அதிகம். "ஒலிப்பதிவு சரியாக அமையவில்லை" என்று எழுதிவிடலாம். யார் அமைத்தார்கள் என்று வாக்கியத்துக்குள் எங்கே தேடினாலும் ஆள் அகப்பட மாட்டார். "காட்சிகள் கிடைக்கவில்லை", "நேரம் போதவில்லை", "ஒருங்கிணைப்பு குறைவாக இருந்தது" எல்லாம் இந்த ஜாதிதான். உன் அறிக்கையை எழுதி முடித்ததும் இப்படி ஆள் இல்லாத வாக்கியங்களைத் தேடி அடிக்கோடு போடு. ஒவ்வொன்றிலும் ஆளைக் கொண்டுவந்து உட்காரவை. "நாங்கள்" என்று வருகிற இடத்திலும் அப்படித்தான். ஐந்து பேரும் சேர்ந்து ஒரு பட்டனை அழுத்த முடியாது.

அதனால் நாலு பக்கத்தில் முதல் இரண்டு பக்கத்தையும் அந்த வாய்க்கால் கரைக்கே கொடு. மணி என்ன இருக்கும், வெளிச்சம் போய்க்கொண்டிருந்ததா, ஹெட்போனில் என்ன கேட்டது, உனக்கு என்ன தோன்றியது, ஏன் வாயைத் திறக்கவில்லை. டைரக்டரிடம் பயமா? அன்று காலையில்தான் அவனோடு ஒரு சண்டை முடிந்திருந்ததா? எடிட்டிங்கில் சரிசெய்துகொள்ளலாம் என்ற நினைப்பா? (சவுண்டில் அப்படிச் சரிசெய்ய முடிவது கொஞ்சம்தான். இன்ஜின் இரைச்சலை அழிக்கப்போனால் பாட்டியின் குரலும் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது மாதிரி ஆகிவிடும். நீங்களும் முயன்று பார்த்திருப்பீர்கள்.) சண்டை இருந்தது என்றால் சண்டையையும் எழுது. அப்போது டைரக்டரைப் பற்றியும் எழுதியே ஆகவேண்டும். ஆனால் அவன் குணத்தைப் பற்றி இல்லை. அந்த இடத்தில் அவன் சொன்னது, நீ சொன்னது, சொல்லாமல் விட்டது. அவ்வளவு போதும்.

பிறகு, என்ன செய்திருக்கலாம் என்று எழுது. இன்ஜினை நிறுத்தச் சொல்லியிருக்கலாம் என்று எழுதாதே. மணிக்கு இவ்வளவு என்று வாடகை கொடுத்து, டீசல் ஊற்றி, கருகுகிற நேரடி விதைப்புப் பயிருக்கு இறைத்துக்கொண்டிருக்கிறவரிடம் "சார், பத்து நிமிஷம் ஆஃப் பண்ணுங்க" என்று கேட்பது அழகில்லை. பாட்டியைக் கூட்டிக்கொண்டு நீங்கள் நகர்ந்திருக்கலாம். இல்லையென்றால் சாயங்காலம் அவர் வீட்டுத் திண்ணைக்குப் போய், கேமரா இல்லாமல் ரெக்கார்டரை மட்டும் வைத்துக்கொண்டு பேச்சுக் கொடுத்திருக்கலாம். கரையில் எடுத்த படத்தின் மேல் திண்ணையில் பதிந்த குரலைப் போட்டிருந்தால் படம் வேறு மாதிரி ஆகியிருக்கும். அதற்காக, "எட்டிப் பாத்துட்டுப் போவுதுன்னு சொன்னீங்களே, அதைத் திரும்பச் சொல்லுங்க" என்று கேட்டுவிடக்கூடாது. கேட்டு வாங்குகிற இரண்டாவது தடவை எப்போதும் ஆறின சோறு. சும்மா பேச விட்டிருந்தால் அதைவிட நல்லதாக ஒன்று சொல்லியிருப்பார்.

ஒன்றும் இல்லையென்றால், அவர் குரலை இன்ஜின் சத்தத்தோடு அப்படியே விட்டு, கீழே அவர் சொன்னதை அவர் பேச்சுத் தமிழிலேயே எழுத்தில் போட்டிருக்கலாம். அந்த இன்ஜின் அங்கே வேண்டாத சத்தமும் இல்லையே. மேட்டூரில் திறந்த தண்ணீர் முக்கொம்பில் பிரிந்து, கல்லணையில் பிரிந்து, வெண்ணாற்றில் இறங்கி, அதிலிருந்தும் கிளை கிளையாகப் பிரிந்து உங்கள் ஷூட்டிங் ஸ்பாட்டுக்கு வரும்போது, வாய்க்காலில் கிடப்பதை இன்ஜின் வைத்து மேலே ஏற்ற வேண்டியிருக்கிறது. உங்கள் படத்தின் விஷயமே அந்தத் தடதடப்புதான். அதைக் கெடுதல் என்று நினைத்து மூடிவிட்டீர்கள். கல்லணையில் ட்ரோன் விட்டு எடுத்த இரண்டு நிமிடம் மட்டும் குறையில்லாமல் இருக்கிறது. அழகுதான், கல்யாண வீடியோக்காரர்களும் அதைத்தான் எடுக்கிறார்கள்.

தொடக்கத்தில் "ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறக்கப்படுகிறது" என்று வருகிறது. ஜூன் 12 வழக்கமான நாள், அவ்வளவுதான். 2022-ல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள். 2024-ல் தண்ணீர் இல்லாமல் ஜூலை 28 வரை இழுத்தது. தேதி நகர்ந்தால் இங்கே நாற்று விடுவது, விதைப்பது எல்லாம் நகரும். அந்த வரியை எழுதியது யார், சரிபார்த்தது யார் என்று ஒரு பத்தி எழுது. ஐந்து பேரில் ஒருவரும் சரிபார்க்கவில்லை என்றால் அதையும்.

இனி கேமரா பையன். நீ அதிகம் கொதித்திருப்பது அவன் மேல்தான். இரண்டு நாள் வந்தான், மூன்று நாள் வரவில்லை, அந்த மூன்று நாள் கேமராவை யார் பிடித்தார்கள், அதனால் எந்தக் காட்சி எப்படி மாறியது என்று எழுது. இது கோள் சொல்வது ஆகாது, நடந்த வேலையின் கணக்கு. "பொறுப்பில்லாதவன்" என்று மட்டும் எழுதாதே. அது உனக்குத் தெரியாது.

செப்டம்பரில் வீட்டில் அறுவடை என்றால் குறுவை அறுப்பாக இருக்கும். அறுத்ததோடு முடிவதில்லை. நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டிவிட்டு, ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் வரவேண்டுமே என்று ரோட்டில் காயவைத்து, சாயங்காலம் மேகம் கறுத்தால் தார்ப்பாயை இழுத்து மூடி, ராத்திரி பக்கத்திலேயே காவல் படுக்கவேண்டும். அப்பாவுக்கு முடியவில்லை என்றால் பையன்தான் படுப்பான். நிஜமாகவே அவன் அதற்குத்தான் போனானா என்று எனக்குத் தெரியாது, சினிமாவுக்கும் போயிருக்கலாம். நீ கேட்டாயா? நீங்கள் ஐந்து பேரும் டெல்டா விவசாயத்தைத் தேடித் தலைஞாயிறு போன வாரத்தில், கேமரா பிடிக்கத் தெரிந்த ஒருத்தன் நெல் குவியலுக்குப் பக்கத்தில் கொசுக்கடியில் படுத்துக் கிடந்தான் என்றால், அந்தப் படத்தை நீங்கள் ஐந்து பேரும் தவறவிட்டிருக்கிறீர்கள். அவனும் சேர்த்துத்தான். போன் பண்ணிக் கேள். அவன் சொல்வதை, அவன் சம்மதத்தோடு, அறிக்கையில் சேர்.

மூன்று ராத்திரி எடிட்டிங்கை நாலு வரியில் முடித்துவிடு. எல்லா அறிக்கையிலும் கண்விழித்த கதை இருக்கும். வாசிக்கிற சாருக்குக் கொட்டாவிதான் வரும். எதை வெட்டினீர்கள், யார் வெட்ட வேண்டாம் என்றார்கள் என்பதை மட்டும் எழுது. பாட்டியின் குரலை மூடலாம் என்று முதலில் சொன்னது யார்? அது நீயாக இருந்தாலும் பரவாயில்லை.

எழுதியதை ஒப்படைப்பதற்கு முன்னால் மற்ற நாலு பேருக்கும் வாசிக்கக் கொடு. கையெழுத்து வாங்க வேண்டாம், அனுமதியும் கேட்க வேண்டாம். அவர்களுக்குத் தெரியாமல் சார் மேஜைக்கு ஒரு வரியும் போகக்கூடாது, அதற்காகத்தான். டைரக்டர் சத்தம் போடுவான். "நீ அன்னைக்கு ஏன் சொல்லல?" என்று கேட்பான். அந்தக் கேள்விக்குப் பதில் உன் முதல் இரண்டு பக்கத்தில் இருக்கும். நட்பு போய்விடுமா என்று கேட்டாய். என் தோழி இன்னும் எனக்குத் தீபாவளிக்குப் பலகாரம் அனுப்புகிறாள். ஆனால் அந்தக் காதுகுத்துக்குப் பிறகு ஒரு வருடம் அனுப்பவில்லை.

மார்க்கைப் பற்றி நான் எதுவும் சொல்வதற்கில்லை. அது உங்கள் சார் கையில்.

நாலாவது பக்கத்தை மட்டும் இப்போது எழுதாதே. படத்தை டிபார்ட்மென்ட்டில் காட்டியதாக எழுதியிருக்கிறாய். பாட்டிக்குக் காட்டியதாக எழுதவில்லை. போனில் ஏற்றிக்கொண்டு போ. சின்னதாக ஒரு ஸ்பீக்கரும் கொண்டு போ, போன் சத்தம் அவருக்குக் காதில் விழாது. ரெக்கார்டரையும் எடுத்துக்கொள். டைரக்டரையும் கூப்பிடு, வந்தால் வரட்டும். காலையில் போகாதே, வயலில் இருப்பார். மூன்று மணிக்கு மேல் போனால் திண்ணையில் இருப்பார்.