பச்சைக்கல்லும் எண்ணெயும்: மரகதம் பத்தி வந்த கேள்விகளுக்குப் பதில்

இந்த தடவை வந்ததுல பாதிக்கு மேல க்ளீனிங் பத்தியும் சர்டிபிகேட் பத்தியும்தான். ஒரே மாதிரி கேட்டதையெல்லாம் சேர்த்து ஒண்ணா போட்டிருக்கேன், உங்க வரி அப்படியே இல்லைன்னு கோவிச்சுக்காதீங்க.

லூப்ல (நகைக்காரங்க வச்சிருக்குற பூதக்கண்ணாடி) பார்த்தா கல்லுக்குள்ள நூல் நூலா கோடு, பாசி மாதிரி ஏதோ தெரியுது. உடைஞ்ச கல்லை வித்துட்டாங்களா?

இல்லை. மரகதம்னா உள்ள ஏதாவது இருக்கத்தான் செய்யும். பூமிக்குள்ள வளர்ந்தப்போ விழுந்த விரிசலும், அப்ப உள்ள மாட்டிக்கிட்ட திரவமும், வேற தாதுத் துணுக்கும்தான் அது. பிரெஞ்சுக்காரங்க இதுக்கு தோட்டம்னே பேர் வச்சிருக்காங்க. நீங்க பார்க்க வேண்டியது, அந்தக் கோடு கல்லோட மேல்பரப்பு வரைக்கும் வருதா, அதுவும் மூலையிலயோ விளிம்புலயோ வந்து நிக்குதாங்கறதுதான். அங்கதான் கல்லு உடையும். பெரிய கல்லு, கண்ணாடி மாதிரி சுத்தம், விலையும் சல்லிசுன்னு யாராவது சொன்னா எனக்கு அப்பதான் சந்தேகமே வரும்.

போட்டோ அனுப்பியிருக்கேன், ஒரிஜினலா டூப்ளிகேட்டானு சொல்லுங்க.

ஏழெட்டு பேர் இப்படி அனுப்பியிருக்கீங்க. எடை எழுதல, என்ன சொல்லி வித்தாங்கன்னு எழுதல, ஒருத்தர் நகைப்பெட்டியோட மூடியை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கார். போட்டோவுல தெரியுற பச்சை உங்க போன் கேமரா போட்டுக் குடுக்குற பச்சை, அதை வச்சு யாராலயும் எதுவும் சொல்ல முடியாது, சொல்றவரை நம்பாதீங்க. கல்லு கையில இருக்கணும். வெளிச்சம் கல்லுக்குள்ள போகும்போது எவ்வளவு வளையுதுங்கறதைச் சொல்ற ஒளிவிலகல் எண் 1.57, 1.58 பக்கம் வரணும், அப்புறம் மைக்ராஸ்கோப்ல உள்ள பார்க்கணும். கண்ணாடியா இருந்தா உருண்டை உருண்டையா காத்துக்குமிழ் தெரியும். நிறமே இல்லாத ரெண்டு கல்லுக்கு நடுவுல பச்சைப் பசை வச்சு ஒட்டினதும் உண்டு, பதிக்காத கல்லுன்னா சாதாரண தண்ணியில போட்டு பக்கவாட்டுல பாருங்க, மேலயும் கீழயும் வெள்ளையா இருந்து நடுவுல மட்டும் பச்சைக் கோடு நிக்கும். கல்லைப் பரிசோதிக்கிற லேப்ல குடுங்க, அதான் பதில்.

சர்டிபிகேட்ல 'நேச்சுரல் எமரால்டு'ன்னு தெளிவா இருக்கு. மோதிரம் ரிப்பேருக்குப் போன இடத்துல 'இது எண்ணெய் போட்ட கல்லு'ங்கறாங்க. யார் பொய் சொல்றாங்க?

ரெண்டு பேருமே பொய் சொல்லல, உங்களுக்குச் சொல்ல வேண்டியதை வித்தவர் சொல்லல, அவ்வளவுதான். இதை எத்தனை தடவை எழுதினாலும் எனக்கு ஆத்திரம் அடங்க மாட்டேங்குது. நேச்சுரல்ங்கற வார்த்தைக்கு அர்த்தம் கல்லு பூமியில விளைஞ்சதுங்கறது மட்டும்தான். விளைஞ்ச பிறகு அதுக்கு என்ன பண்ணாங்கங்கறது வேற வரி, ட்ரீட்மென்ட்னு தனியா போட்டிருக்கும், இல்லைன்னா கீழ குறிப்புல பொடி எழுத்துல கிடக்கும். அந்த வரியை எடுத்துப் பாருங்க. அந்த வரியே இல்லாத சர்டிபிகேட்டை வச்சு மரகதம் வாங்காதீங்க.

எண்ணெய் ஏன் போடுறாங்கன்னா, விரிசலுக்குள்ள காத்து இருந்தா வெளிச்சம் அங்க பட்டுத் திரும்பி வெள்ளையா பளிச்சுனு தெரியும். காத்தோட ஒளிவிலகல் எண் 1, மரகதம் 1.57க்கு மேல. சீடர் மர எண்ணெய் 1.5க்குக் கொஞ்சம் மேல, அதனால அது உள்ள போனதும் வித்தியாசம் குறைஞ்சு விரிசல் கண்ணுக்கு மறைஞ்சுடும். விரிசல் போயிடல, மறையுது. இது ரொம்ப காலமா நடக்குறதுதான், சந்தைக்கு வர்ற மரகதத்துல பெரும்பாலானது எண்ணெய் பார்த்ததுதான், அதுல தப்பு இல்லை. தப்பு எங்கன்னா, எவ்வளவு போட்டிருக்கு, எதைப் போட்டிருக்குங்கறதைச் சொல்லாம விடுறது. லேப்ல இதை மைனர் (குறைவு), மாடரேட் (நடுத்தரம்), சிக்னிஃபிகண்ட் (அதிகம்)னு தரம் பிரிச்சுப் போடுறாங்க. மைனர்னா கவலை இல்லை. சிக்னிஃபிகண்ட்னா நீங்க பார்க்குற அழகுல பெரிய பங்கு அந்த எண்ணெயோடது, எண்ணெய் காஞ்சா உள்ள இருக்குற முகம் வெளிய வரும். எண்ணெய்க்குப் பதிலா எபாக்ஸி ரெசினும் (இறுகிப்போற செயற்கைப் பிசின்) போடுறாங்க, ஈசியா காயாது, ஆனா சிலது வருஷக்கணக்குல மஞ்சளிச்சுப் போகும், வெள்ளையா மங்கும், சுத்தமா வெளிய எடுக்கறதும் கஷ்டம். எல்லாத்தையும் விட மோசம் பச்சைச் சாயம் கலந்த எண்ணெய், அது விரிசலை மறைக்கறதோட நிக்காது, கல்லுக்கு இல்லாத நிறத்தையே குடுக்குது, அது ஏமாத்து, வேற பேர் கிடையாது.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதுசுல ஒரு வியாபாரி 'லேசா எண்ணெய்தான்'னு சொன்ன வாய் வார்த்தையை நம்பி ஒரு கல்லு வாங்கினேன். லேப் போயிட்டு வந்தா ரெசின், சிக்னிஃபிகண்ட். திருப்பிக் கேட்டா 'நான் நேச்சுரல்னுதானே சொன்னேன், பொய்யா சொன்னேன்'னு கேட்டார். இன்னைக்கும் அதே பதில்தான் எல்லாருக்கும் கிடைக்குது, அதனால பணம் குடுக்கறதுக்கு முன்னாடி ட்ரீட்மென்ட் என்ன, எவ்வளவுன்னு கேட்டு அதை பில்லுல எழுதி வாங்குங்க. எழுதித் தர மாட்டேன்னா எழுந்து வந்துடுங்க.

அல்ட்ராசானிக் மெஷின் வீட்லயே இருக்கு, வைர கம்மல் போடுற மாதிரி மரகதத்தையும் போடலாமா?

வேண்டாம். அல்ட்ராசானிக் வேண்டாம், ஸ்டீம் வேண்டாம், வெந்நீர் வேண்டாம். அந்த அதிர்வுல எண்ணெய் வெளிய வரும், இருக்குற விரிசலும் நீளும். வெதுவெதுப்பான தண்ணி, ரெண்டு சொட்டு லேசான சோப்பு, குழந்தைங்க பல் தேய்க்கிற மாதிரி மெத்துனு ஒரு பிரஷ், அலசிட்டு மெல்லிசான துணியில ஒத்தி எடுங்க. ஊற வைக்காதீங்க. நெயில் பாலிஷ் ரிமூவரும் சானிடைசரும் பக்கத்துலயே வரக்கூடாது, ரெண்டும் எண்ணெயைக் கரைக்கும். பின்பக்கம் மூடின செட்டிங்னா தண்ணியே வேண்டாம், அடியில தகடு வச்சிருந்தா ஈரம் உள்ள போய் கறுத்துடும், ஈரத் துணியில மேலாப்புல துடைச்சா போதும்.

மரகதத்தோட கடினம் 7.5ல இருந்து 8ன்னு படிச்சேன், நல்ல கடினம்தானே, தினமும் மோதிரமா போடலாமா?

கீறல் விழாம இருக்கறது வேற, அடி பட்டா உடையாம இருக்கறது வேற. நீங்க படிச்ச நம்பர் முதல் விஷயத்தை மட்டும் சொல்லுது. கதவுல ஒரு இடி, பாத்ரூம் குழாய்ல ஒரு தட்டு, மூலை போச்சு. எமரால்டு கட்னு சொல்ற நீள்சதுர வெட்டுல நாலு மூலையையும் வெட்டி விட்டிருக்கறது அழகுக்காகன்னு நெனச்சிருப்பீங்க, கூர் மூலை சிதறிடும்ங்கறதாலதான் அப்படி. தினமும் போடணும்னா கம்மலோ பெண்டன்ட்டோ எடுங்க. மோதிரம்தான் வேணும்னா சுத்தி தங்கம் கட்டின செட்டிங், கல்லு விரலை விட்டு உசரமா நிக்காம, வீட்டு வேலை பண்ணும்போது கழட்டி வச்சுட்டு. வைரம், நீலக்கல்லோட ஒரே பெட்டியில கொட்டி வைக்காதீங்க, அதெல்லாம் இதைக் கீறிடும்.

கொலம்பியாவா ஜாம்பியாவா, எது நல்லது?

எந்த ஊருங்கறதுக்கு முன்னாடி கல்லைப் பாருங்க. கொலம்பியாவோட முஸோ சுரங்கத்துக் கல்லு வெதுவெதுப்பான பச்சைக்குப் பேர் போனது, அங்கயே இருக்குற சிவோர் சுரங்கத்துக் கல்லுல கொஞ்சம் நீலம் கலந்திருக்கும். ஜாம்பியாவோட காஃபுபு பகுதிக் கல்லுல இரும்பு அதிகம், நீலப்பச்சையா வரும், உள்சுத்தமும் பல நேரம் நல்லா இருக்கும். ஆனா நிறத்தை மட்டும் பார்த்து 'இது கொலம்பியா'ன்னு அடிச்சு சொல்றவரை நம்பாதீங்க, லேப்ல கூட உள்ள இருக்குற துணுக்குகளையும் ரசாயனக் கலவையையும் சேர்த்துப் பார்த்துதான் கருத்து சொல்றாங்க. சுமாரான கொலம்பியாவை ஊர் பேருக்காக வாங்கறதை விட அழகான ஜாம்பியா நூறு மடங்கு மேல். வாங்கும்போது கடை லைட்டுக்கு அடியில மட்டும் பார்க்காம வெளிய பகல் வெளிச்சத்துலயும் பாருங்க.

லேப்ல வளர்த்த மரகதம் போலியா?

போலி இல்லை. மரகதம் எந்தத் தாதுவோ அதே பெரில், பச்சை நிறம் குடுக்குற அதே குரோமியம், 1930கள்லயே அமெரிக்காவுல கரோல் சாத்தம் இதை வளர்த்துக் காட்டிட்டார். லேப் கல்லுன்னு சொல்லி வித்தா சந்தோஷமா வாங்குங்க, சொல்லாம வித்தாதான் மோசடி.

மோதிரம் டைட்டா இருக்கு, சைஸ் பெருசு பண்ண பத்தர்கிட்ட குடுத்தேன், திரும்பி வந்தப்போ கல்லுக்குள்ள வெள்ளை வெள்ளையா கோடு. மாத்திட்டாரா?

மாத்தியிருக்க மாட்டார், சுட்டிருப்பார். கல்லைக் கழட்டாம பத்த வச்சா சூட்டுல எண்ணெய் வெளிய வந்துடும், நீங்க பார்க்குற வெள்ளைக் கோடு இவ்வளவு நாளா மறைஞ்சிருந்த விரிசல். மறுபடியும் எண்ணெய் போட்டா பெரும்பாலும் பழைய நிலைக்கு வரும், சூட்டுல புதுசா விழுந்த விரிசல் இருந்தா அது இருக்கத்தான் செய்யும். இனிமே குடுக்கும்போதே சொல்லுங்க: கல்லைக் கழட்டிட்டு வேலை பண்ணணும், இல்லைன்னா லேசர்ல ஒட்டணும், வேலை முடிஞ்சதும் அல்ட்ராசானிக்ல போடக்கூடாது. மேல சொன்னதைத்தான் மறுபடியும் சொல்றேன், வேணும்னே சொல்றேன்.

ஒரு கேரட் மரகதம் ஒரு கேரட் வைரத்தை விடப் பெருசா தெரியுதே, எடையில ஏமாத்தறாங்களா?

இல்லை. கேரட்ங்கறது எடை, 0.2 கிராம். மரகதத்தோட அடர்த்தி 2.7, வைரத்துக்கு 3.5, அதனால அதே எடைக்கு மரகதம் பெருசாத்தான் வரும்.

பச்சை மணி மாலையைக் கழுவினேன், தண்ணி பச்சையாயிடுச்சு.

சாயம். வாங்கின இடத்துக்கு பில்லோட போங்க.

பழைய மரகதம் மங்கிப்போச்சு, வீட்ல இருக்குற எண்ணெயை நானே தடவலாமா?

தடவாதீங்க. உள்ள தூசி, சோப்பு, பழைய எண்ணெய் எல்லாம் காஞ்சு உக்காந்திருக்கும், அதை முதல்ல கரைச்சு எடுத்துட்டு, வெற்றிடத்துல வச்சு, லேசான சூட்டோட அழுத்தம் குடுத்துதான் புது எண்ணெயை உள்ள அனுப்புவாங்க. மேல தடவற எண்ணெய் உள்ள போகாது, பிசுபிசுனு அழுக்கைத்தான் பிடிச்சு வைக்கும். முதல்ல லேப்ல காட்டி உள்ள இருக்கறது எண்ணெயா ரெசினான்னு கேளுங்க, அது தெரியாம யார் கையிலயும் கல்லைக் குடுக்காதீங்க.