இரண்டு மஞ்சள் பறவைகளும் பச்சைக் குஞ்சுகளும்

மதிப்பிற்குரிய ஐயா,

என்னிடம் பட்ஜி என்னும் சிறு கிளிகள் ஒரு ஜோடி உள்ளன. ஆண் பச்சை, பெண் வான்நீலம். பல மாதங்களாக வேறு பறவை எதுவும் இல்லாத தனிக் கூண்டில் இருப்பவை. இம்முறை நான்கு குஞ்சுகள் பொரித்தன. இரண்டு பச்சை, ஒன்று நீலம், ஒன்று முழு மஞ்சள். மஞ்சள் குஞ்சின் கண்கள் சிவப்பாக இருக்கின்றன. பெற்றோர் இருவரும் மஞ்சளாக இல்லாதபோது மஞ்சள் குஞ்சு வராது என்றும், பெண் பறவை வேறொரு ஆணுடன் சேர்ந்திருக்க வேண்டும் என்றும் பறவை வளர்க்கும் நண்பர் ஒருவர் சொல்கிறார். நீலக் குஞ்சின் நிறமும் தாயின் நிறத்தைவிட அடர்ந்திருக்கிறது.

மஞ்சள் குஞ்சுக்குத் துணையாக இன்னொரு மஞ்சள் பறவையையும் வாங்கி வைத்திருக்கிறேன். அதன் கண் கறுப்பு, சுற்றிலும் வெள்ளை வளையம் உண்டு. மூக்குப் பகுதி நல்ல நீலமாக இருப்பதால் ஆண் என்றே நினைக்கிறேன். இவ்விரண்டையும் சேர்த்தால் குஞ்சுகள் அனைத்தும் மஞ்சளாகவே பிறக்கும் அல்லவா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: அநேகமாக ஒரு குஞ்சுகூட மஞ்சளாகப் பிறக்காது. உங்கள் நண்பரின் ஐயத்துக்கும் இதே விளக்கம்தான் விடையாகும். பட்ஜியின் உடலில் தெரியும் நிறம் ஒன்று, அது சுமந்துகொண்டிருக்கும் மரபணு வேறொன்று. ஒரே மஞ்சள் நிறத்துக்கு ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல மரபணுக் காரணங்கள் இருக்க முடியும்.

ஆஸ்திரேலியாவின் காட்டுப் பட்ஜி பச்சை நிறம் கொண்டது. அதன் இறகில் பச்சை நிறமி என்று எதுவும் கிடையாது. சிட்டகோஃபுல்வின் என்ற மஞ்சள் நிறமியும் மெலனின் என்ற கறுப்பு நிறமியும் உள்ளன. இவற்றோடு, இறகின் இழைகளுக்குள் இருக்கும் நுண்துளை அமைப்பு ஒளியைச் சிதறடித்து நீலத்தைத் திருப்பி அனுப்புகிறது. அந்த நீலமும் மேலே இருக்கும் மஞ்சளும் சேர்ந்தே நம் கண்ணுக்குப் பச்சையாகத் தெரிகின்றன. மஞ்சள் நிறமி உருவாகாமல் போனால் பறவை நீலமாகிறது. மெலனின் உருவாகாமல் போனால், பின்னணியில் கறுப்பு இல்லாததால் நீலம் எடுபடாமல் மறைந்து மஞ்சள் மட்டும் எஞ்சுகிறது, அதுவே லூட்டினோ. கண்ணிலும் மெலனின் இல்லாததால் இரத்தத்தின் நிறம் வெளியே தெரிகிறது. இரண்டு நிறமிகளுமே இல்லையென்றால் வெள்ளை ஆல்பினோ. உங்கள் சிவப்புக் கண் குஞ்சு லூட்டினோதான். இறக்கைகளில் இளம்பழுப்பு வரிகள் தெரிந்தால் மட்டும் அதை லேஸ்விங் என்று அழைக்க வேண்டியிருக்கும்.

இப்போது அது எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். நீல நிறம் ஒடுங்கு பண்பு. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அந்த மரபணு வந்தால்தான் குஞ்சு நீலமாகும். உங்களுக்கு ஒரு நீலக் குஞ்சு பிறந்திருப்பதே, பச்சைத் தந்தை நீலத்தை மறைவாகச் சுமக்கிறது என்பதற்கு முழுச் சான்று. வளர்ப்பவர்கள் இப்படிப்பட்ட பறவையை ஸ்பிளிட் என்பார்கள். எதிர்த்திசையில் இதே உறுதியை எதிர்பார்க்கக் கூடாது: ஐந்து குஞ்சுகளும் பச்சையாகப் பிறந்திருந்தாலும் தந்தை ஸ்பிளிட் இல்லை என்று சொல்லிவிட முடியாது, ஏனெனில் ஸ்பிளிட் ஆணுக்கும் 32இல் ஒரு முறை அப்படி நேரலாம்.

லூட்டினோவையும் ஆல்பினோவையும் உண்டாக்கும் ஐனோ மரபணு, ஆணா பெண்ணா என்பதை நிர்ணயிக்கும் பால் குரோமோசோமில் இருக்கிறது. பறவைகளில் ஆணுக்கு இரண்டு இசட் குரோமோசோம்கள் உண்டு. பெண்ணுக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. ஐனோவும் ஒடுங்கு பண்பே ஆகையால், ஆண் ஒரு இசட்டில் அதை ஒளித்துவைத்துக்கொண்டு முழுப் பச்சையாக உலவலாம். பெண்ணுக்கு ஒரே ஓர் இசட் இருப்பதால் ஒளித்துவைக்க இடமில்லை. இருந்தால் வெளியே தெரிந்தே தீரும். உங்கள் வான்நீலப் பெண் ஐனோ அல்ல என்பது பார்வையிலேயே தெரிகிறது, ஆகவே அது அந்த மரபணுவைச் சுமக்கவும் இல்லை. ஐனோ தந்தையிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். ஜோடி பல மாதங்களாகத் தனியாக இருந்திருக்கும்போது, உங்கள் பச்சை ஆணையே தந்தை என்று கொள்வதில் எந்தத் தடையும் இல்லை. பட்ஜிப் பெண்களின் மீது இத்தகைய பழி அடிக்கடி விழுவதைப் பார்க்கிறேன்; பெரும்பாலும் அது ஸ்பிளிட் ஆண்களின் வேலை.

இதிலிருந்து இன்னொரு பயனும் கிடைக்கிறது. ஆண் குஞ்சு ஒவ்வொன்றும் தாயிடமிருந்து ஐனோ இல்லாத இசட்டைப் பெறுவதால், இந்த ஜோடிக்கு லூட்டினோ ஆண் பிறக்கவே முடியாது. எனவே உங்கள் மஞ்சள் குஞ்சு பெண். மூக்குப் பகுதியின் நிறத்தைப் பார்த்துப் பால் கண்டறிவது இளம் பறவைகளில் கடினம். லூட்டினோ ஆண்களுக்கோ வளர்ந்த பிறகும் அது நீலமாகாமல் இளஞ்சிவப்பு கலந்த ஊதாவாகவே நின்றுவிடும். அந்தக் குழப்பத்துக்கெல்லாம் இடமில்லாமல் மரபியல் உங்களுக்கு நேரடியாகவே விடை தந்துவிட்டது. பச்சைக் குஞ்சுகள் இரண்டும் தாயிடமிருந்து நீலத்தைக் கட்டாயம் பெற்றவை. அவற்றில் ஆண் இருந்தால் அது ஐனோவையும் சுமப்பதற்கு வாய்ப்பு சரிபாதி. பார்த்துச் சொல்ல வழியில்லை.

ஒவ்வொரு முட்டையிலும் லூட்டினோவோ ஆல்பினோவோ வருவதற்கு இந்த ஜோடிக்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. இதை நான்கு முட்டைக்கு ஒரு குஞ்சு என்ற பங்கீடாகப் புரிந்துகொள்வது பரவலான தவறு. ஒவ்வொரு முட்டையும் புதிய குலுக்கல். நான்கு குஞ்சுகள் பொரித்து ஒன்றுகூட ஐனோவாக இல்லாமல் போவதற்கு ஏறத்தாழ 32 சதவீத வாய்ப்பு இருக்கிறது. இணையத்தில் கிடைக்கும் குஞ்சு நிறக் கணிப்பான்கள் தரும் சதவீதங்களும் இதே பொருள் கொண்டவைதான். ஆனால் தந்தையைப் பச்சை என்று மட்டும் அதில் பதிந்தால், ஸ்பிளிட் விவரம் இல்லாத அந்தக் கணக்கு நான்கு குஞ்சுகளும் பச்சையே என்று கூசாமல் சொல்லிவிடும்.

அடர்ந்த நீலக் குஞ்சைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு இந்தக் கடிதத்திலேயே அதுதான் சுவையான செய்தி. டார்க் ஃபாக்டர் என்ற மரபணு முழுமையற்ற ஓங்குதன்மை உடையது. பச்சைப் பறவையில் அது ஒன்று இருந்தால் அடர்பச்சை, இரண்டு இருந்தால் ஆலிவ். நீலப் பறவையில் ஒன்று இருந்தால் கோபால்ட், இரண்டு இருந்தால் சாம்பல் தோய்ந்த மாவ். சாதாரண நிறப் பறவைகளில் இது மறைந்து நிற்காது. தாய் உண்மையிலேயே வான்நீலம் என்றால், தந்தை இளம்பச்சையாக இல்லாமல் அடர்பச்சையாக இருக்க வேண்டும். பகல் வெளிச்சத்தில், குஞ்சுகளுக்கு அருகில் வைத்து அதன் உடலையும் நீண்ட வால் இறகுகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மஞ்சள் விளக்கின் கீழ் பார்த்தாலும் படம் எடுத்தாலும் பயனில்லை. வயலட் மரபணுவும் இதேபோன்ற மயக்கத்தைத் தரும். ஒரு வயலட் மரபணு உள்ள இளம்பச்சைப் பறவை அடர்பச்சையைப் போலவும், அதே மரபணு உள்ள வான்நீலப் பறவை கோபால்ட்டைப் போலவும் இருக்கும். குஞ்சின் உடல் நிறம் முதல் இறகுதிர்வுக்குப் பின்னரே முழுமையாகத் துலங்கும் என்பதால், மூன்று நான்கு மாதங்களில் நெற்றி வரிகள் மறைந்த பிறகு மீண்டும் பார்த்து முடிவு செய்யுங்கள்.

பச்சைக் குஞ்சுகள் இரண்டும் இளம்பச்சையாக இருக்கின்றனவா என்பதையும் கவனியுங்கள். டார்க் ஃபாக்டரும் நீல மரபணுவும் ஒரே குரோமோசோமில் நெருங்கி அமைந்தவை. தந்தையிடம் அந்தக் குரோமோசோமின் இரு பிரதிகளில் ஒன்றிலேயே அவை இரண்டும் இருந்தால் பெரும்பாலும் சேர்ந்தே குஞ்சுக்குச் செல்லும். அப்போது நீலக் குஞ்சுகள் கோபால்ட்டாகவும் பச்சைக் குஞ்சுகள் இளம்பச்சையாகவும் பிறப்பது மிகுதியாகும். வெவ்வேறு பிரதிகளில் இருந்தால் அடர்பச்சைக் குஞ்சுகளும் வான்நீலக் குஞ்சுகளும் மிகுதியாகும். மூன்று குஞ்சுகளைக் கொண்டு உறுதி சொல்ல இயலாது. அடுத்தடுத்த ஈடுகளின் நிறங்களைக் குறித்துவைத்தால் தெரிந்துவிடும்.

இனி நீங்கள் வாங்கிய மஞ்சள் ஆண். கறுப்புக் கண் என்பதால் லூட்டினோ அல்ல. கண்ணில் வெள்ளை வளையம் இருப்பதால், வளையமே இல்லாத கருங்கண் கிளியர் வகையும் அல்ல. எஞ்சுபவை இரண்டு. இறக்கையில் வரிகளின் சுவடுகூட இல்லாத தூய மஞ்சள் என்றால் அது இரட்டை ஃபாக்டர் ஸ்பேங்கிள், அதாவது ஸ்பேங்கிள் என்ற மரபணு இரண்டு உள்ள பறவை. மங்கிய சாம்பல் வரிகள் நிழல்போலத் தெரிந்து உடலில் இலேசான பச்சைச் சாயல் இருந்தால் அது டைல்யூட் என்ற நிறம் மங்கிய வகை.

ஸ்பேங்கிளாக இருந்தால், இரண்டு மரபணுக்களில் ஒன்றை ஒவ்வொரு குஞ்சுக்கும் அது கொடுத்தே தீரும். உங்கள் லூட்டினோவின் பெற்றோர் இருவரும் ஸ்பேங்கிள் அல்லாததால் அதனிடமிருந்து இரண்டாவது மரபணு வராது. ஆகவே எல்லாக் குஞ்சுகளும் ஒற்றை ஃபாக்டர் ஸ்பேங்கிள்களாக, இறக்கை இறகுகளின் ஓரத்தில் மட்டும் மெல்லிய கறுப்புக் கோடு ஓடும் பச்சைப் பறவைகளாக இருக்கும். ஆணும் நீலத்தைச் சுமந்தால் நான்கில் ஒரு பங்கு நீல ஸ்பேங்கிள்களும் வரலாம். டைல்யூட்டாக இருந்தால், அது ஒடுங்கு பண்பு என்பதால் குஞ்சுகள் வழக்கமான வரிகளுடன் பச்சையாகவே இருக்கும். இரு நிலையிலும் ஐனோ மகன்களுக்கு மறைவாகச் செல்லும், மகள்களுக்குச் செல்லாது. அந்த ஆணே ஐனோ ஸ்பிளிட்டாக இருந்தால்தான் இந்தக் கணக்கு மாறும்.

மஞ்சள் குஞ்சுகளே வேண்டுமென்றால், உங்கள் பெண்ணுக்குச் சிவப்புக் கண்ணுள்ள லூட்டினோ ஆணைத் தேடுங்கள். எல்லாக் குஞ்சுகளும் ஐனோவாகப் பிறக்கும். உங்கள் பெண் நீலத்தைச் சுமப்பது உறுதி என்பதால், அந்த ஆணும் நீலம் சுமப்பதாக இருந்தால் நான்கில் ஒரு பங்கு வெள்ளை ஆல்பினோக்களாக வரும். பெண்ணுக்கு ஒரு வயதேனும் நிறையும்வரை ஜோடி சேர்க்க வேண்டாம். அதற்குள் வாங்கிய ஆணின் இறக்கையை நல்ல வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து, வரிகளின் நிழல் உண்டா என்று எழுதுங்கள்.