ஃபார்மட் செய்யும் முன்

கேள்வி: அக்காவின் திருமண வீடியோ 1 டெராபைட் வெளிவட்டில் இருக்கிறது. அண்ணனின் விண்டோஸ் கணினியில் வட்டு நன்றாக வேலை செய்கிறது. என் உபுண்டு மடிக்கணினியில் திறக்கிறது, ஆனால் ‘படிக்க மட்டும்’ என்கிறது. எதையும் சேமிக்க முடியவில்லை. பென் டிரைவில் இடம் இருந்தும் 6 ஜிபி வீடியோ நகலாக மறுக்கிறது. இரண்டையும் ஃபார்மட் செய்துவிடலாமா?
– வாசகி, தேனி

பதில்: வெளிவட்டை ஃபார்மட் செய்யவே செய்யாதீர்கள் அம்மா. போன ஆண்டு ஒருவர் கொண்டுவந்த வட்டை யாரோ அவசரப்பட்டு ஃபார்மட் செய்திருந்தார்கள். மீட்க முடிந்த பிறந்தநாள் படங்களில் மேல் பாதி குழந்தையின் முகம், கீழ்ப் பாதி வெறும் சாம்பல் நிறம். அந்தத் தாயிடம் அவற்றைக் காட்ட எனக்குக் கை வரவில்லை.

உங்கள் வட்டு பழுதாகியிருக்க வாய்ப்பு குறைவு. விண்டோஸ் 8 முதல் ‘வேகத் தொடக்கம்’ என்றொரு வசதி இருக்கிறது. ஷட் டவுன் கொடுத்தாலும் கணினி முழுதாக அணையாது, அரைத்தூக்கம்தான். அப்போது பிடுங்கிய, என்டிஎஃப்எஸ் என்ற விண்டோஸ் சேமிப்பு வடிவில் உள்ள வட்டில் ‘வேலை முடியவில்லை’ என்ற குறி தங்கிவிடும். அதைப் பார்த்துத்தான் உங்கள் உபுண்டுவின் அடிப்படையான லினக்ஸ் எழுத மறுக்கிறது. மீறி எழுதினால், விழித்தெழும் விண்டோஸ் தன் பழைய கணக்கை வைத்து எல்லாவற்றையும் குழப்பிவிடக்கூடும். வலுக்கட்டாயமாக மவுண்ட் செய்யும், அதாவது வட்டைக் கணினியோடு இணைத்துத் திறக்கும், கட்டளையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

வட்டை அண்ணனின் கணினியில் செருகி, ‘ரீஸ்டார்ட்’ கொடுக்கச் சொல்லுங்கள். ரீஸ்டார்ட்டில் அந்த அரைத்தூக்கம் கிடையாது. கணினி எழுந்ததும் பிழை சோதனை ஒன்றை ஓடவிட்டு, முறைப்படி வெளியேற்றிய பிறகு கழற்றட்டும்.

பென் டிரைவ் கதை வேறு. அது ஃபேட்32 என்ற பழைய சேமிப்பு வடிவில் இருக்கும். அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தொட முடியாது. அதை மட்டும், உள்ளே இருப்பதை நகல் எடுத்துக்கொண்டு, அண்ணனின் கணினியிலேயே, பெரிய கோப்பையும் ஏற்கும் எக்ஸ்ஃபேட் வடிவில் ஃபார்மட் செய்யுங்கள். அந்த நேரத்தில் வெளிவட்டு கணினியில் செருகியிருக்கவே கூடாது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் 5.4 பதிப்பு வந்த 2019 முதல் எக்ஸ்ஃபேட் வசதி அதிலேயே இருக்கிறது. லினக்ஸில் வழக்கமான எக்ஸ்ட்4 நல்ல வடிவம்தான், ஆனால் அண்ணனின் விண்டோஸ் அதை நேரடியாகப் படிக்காது.

நகலெடுக்கும்போது பட்டை நூறைத் தொட்டதும் பிடுங்கிவிடாதீர்கள். வீடியோவின் கடைசிப் பகுதி இன்னும் மடிக்கணினியின் நினைவகத்திலேயே இருக்கலாம். வெளியேற்று பொத்தானை அழுத்தி, ‘இனிக் கழற்றலாம்’ என்று செய்தி வரும்வரை காத்திருங்கள்.