அரசுப் பள்ளிகளில் உடற்கல்வியைக் கட்டாயமாக்க வேண்டுமா?

கண்டிப்பாக வேண்டும். ஆனால் சட்டத்தில் ஏற்கெனவே கொஞ்சம் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, பள்ளிக்கு விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது, 6 முதல் 8-ம் வகுப்பு வரை 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் உடற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநராவது வேண்டும் என்கிறது.

நடப்பது வேறு. நான் படித்த பள்ளியில் வாரத்துக்கு 2 பி.டி. பீரியட். காலாண்டுத் தேர்வு நெருங்கினால் கணக்கு வாத்தியார் "இன்னைக்கு பி.டி. எனக்கு" என்று சாக்பீஸோடு உள்ளே வந்துவிடுவார், வாலிபால் பீரோவுக்குள்ளேயே காற்றிறங்கிக் கிடக்கும். பெண் பிள்ளைகள் நிலைமை இன்னும் மோசம், மைதானம் பையன்களுக்கு, அவர்களுக்கு மரத்தடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம்.

5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு உடல் அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு நீச்சல் வகுப்பு, பேட்மிண்டன் கோர்ட் எல்லாம் கிடைத்துவிடும். பள்ளி முடிந்ததும் தண்ணீர்க் குடம் தூக்கி, தம்பியைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்கு அந்த 45 நிமிட பி.டி. பீரியட்தான் விளையாட்டு, வேறு எங்கே போகும்?

அப்புறம், மதிப்பெண் போட்டு ஓடச் சொல்லாதீர்கள். குண்டான பிள்ளையை எல்லார் முன்னாலும் கடைசியாக ஓடவிட்டால் அது வாழ்நாளெல்லாம் மைதானத்தை வெறுக்கும். கட்டாயம் பிள்ளைக்கு இல்லை, பள்ளிக்கு: ஆசிரியர் பணியிடத்தை நிரப்பு, பந்து வாங்கு, பீரியடைப் பிடுங்காதே.